முதியோரின் வீடும் கவுன்ஸிலின் கணக்கும்

இங்கிலாந்தில் ஸ்தல ஸ்தாபனங்கள் வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும் காலம் வந்துவிட்டால், ஏதாவதொரு கவுண்டியில் முதியோர் இல்லம் ஒன்றை மூடும் யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. கவுன்ஸிலே சொந்தத்தில் நடத்திவரும் இல்லம். நாற்பது ஐம்பது வருஷத்துக் கட்டிடம். அதில் முப்பது நாற்பது வயோதிகர்கள். இல்லத்தின் எதிர்காலம் குறித்து ஆலோசனை நடைபெறும் என்று குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் போகிறது. சில வாரங்கள் அபிப்பிராயம் கேட்கப்படுகிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கவுன்ஸில் மண்டபத்தின் வாசலில் அட்டைகளை ஏந்தி நிற்கிறார்கள். அங்கத்தினர்கள் உள்ளே மிகுந்த துயரத்துடன் பேசுகிறார்கள். அதே துயரத்துடன் கை தூக்குகிறார்கள். இல்லம் மூடப்படுகிறது.

இதை ஒரு கட்சியின் குற்றமாகச் சொல்வதற்கில்லை. கன்ஸர்வேடிவ் கட்சியார் ஆண்ட கவுண்டிகளிலும் இது நடந்திருக்கிறது. தொழிற்கட்சியார் ஆண்ட இடங்களிலும் நடந்திருக்கிறது. 2022ம் வருஷத்தில் டெர்பிஷயர் கவுண்டி கவுன்ஸில் தன் இல்லங்களில் ஏழை மூட முடிவு செய்தது. பழைய கட்டிடங்களைப் பழுது பார்க்கும் செலவு தாங்கமுடியாதது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் டெர்பிஷயருக்கு மட்டும் உரியதன்று. ஏறக்குறைய எல்லாக் கவுன்ஸில்களும் அதையே சொல்லிவந்திருக்கின்றன.

அந்நிய நாட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று நேயர்கள் நினைக்கலாம். 1882ம் வருஷத்தில் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தைப் பிரசுரித்த நாள்முதல், நமது முனிசிபாலிடிகளும் ஜில்லா போர்டுகளும் ஆங்கில நாட்டு ஸ்தாபனங்களைப் பார்த்தே உருவாக்கப்பட்டன. எந்த மாதிரியைப் பார்த்து நாம் கட்டினோமோ, அந்த மூலக் கட்டிடத்தில் விரிசல் காணும்போது அதன் காரணத்தை ஆராய்வது நமக்கும் அவசியமாகிறது. அன்றியும், வயோதிக தசையில் திக்கற்றவரைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நாட்டெல்லை கிடையாது.

விஷயத்தைச் சரியாக அறிய வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1834ம் வருஷத்து ஏழைச் சட்டம் 'ஒர்க்ஹவுஸ்' என்ற விடுதி முறையை இங்கிலாந்து முழுவதும் பரப்பிற்று. வெளியே உழைத்துப் பிழைக்கும் மிகவும் தாழ்ந்த நிலையிலுள்ள கூலிக்காரனுடைய வாழ்வைவிட விடுதியில் கிடைக்கும் வாழ்வு மோசமாயிருக்கவேண்டும் என்பதே அச்சட்டத்தின் தத்துவம். அப்போதுதான் யாரும் இஷ்டப்பட்டு வரமாட்டார்களாம். உழைத்து ஓய்ந்த கிழவனும் கிழவியும் அந்த வாசலில் நுழைந்ததும் ஆண் பகுதி, பெண் பகுதி என்று பிரிக்கப்பட்டார்கள். 1929ம் வருஷத்துச் சட்டம் ஏழைப் பரிபாலன போர்டுகளைக் கலைத்து அந்த விடுதிகளைக் கவுண்டி, நகர கவுன்ஸில்களின் வசம் ஒப்பித்தது. கை மாறிற்றே தவிர, கட்டிடமும் அதைப் பற்றிய பயமும் மாறவில்லை.

இரண்டாவது மகாயுத்தத்திற்குப் பின் வந்த தொழிற்கட்சி சர்க்கார்தான் அடிப்படையை மாற்றிற்று. 1948ம் வருஷம் ஜூலை 5ந் தேதி அமுலுக்கு வந்த தேசிய உதவிச் சட்டத்தின் முதற் பிரிவே பழைய ஏழைச் சட்டம் இனி இல்லை என்று பிரகடனம் செய்தது. 21வது பிரிவு, வயோதிகத்தாலோ உடல் நலிவாலோ பராமரிப்பு வேண்டியிருந்து, அது வேறு வகையில் கிடைக்காதவர்களுக்கு இருப்பிடம் அளிப்பது ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை என்று விதித்தது. சுகாதார மந்திரியாயிருந்த அனைரின் பெவன் அப்போது பார்லிமெண்டில் விவரித்த லட்சியம் உயர்ந்தது. பெரிய விடுதிகளுக்குப் பதில் சிறு இல்லங்கள் வரவேண்டும். அங்கே வசிப்பவர் தம் பென்ஷனிலிருந்து வாடகை செலுத்தி, ஹோட்டலில் தங்கும் விருந்தாளியைப்போல் தலைநிமிர்ந்து இருக்கவேண்டும். பிச்சைக்காரர் என்ற பெயர் ஒழியவேண்டும் என்பதே அது.

லட்சியம் உடனே நிறைவேறிவிடவில்லை. பீட்டர் டவுன்ஸெண்டு என்ற சமூக சாஸ்திரி நாடெங்கும் இவ்வில்லங்களைச் சுற்றிப் பார்த்து 1962ல் 'கடைசிப் புகலிடம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். பழைய ஒர்க்ஹவுஸ் கட்டிடங்களிலேயே ஏராளமான முதியோர் இன்னும் வைக்கப்பட்டிருந்த உண்மையை அந்நூல் பொதுஜனங்களின் முன் வைத்தது. அதன் பின்னரே கவுன்ஸில்கள் சுறுசுறுப்படைந்து புதிய இல்லங்களைக் கட்டலாயின. இன்று பழையவை என்று மூடப்படும் இல்லங்களில் பல அக்காலத்தில் பெருமையுடன் திறந்துவைக்கப்பட்டவைதாம்.

பின்னர் காற்று திசை மாறிற்று. 1980க்குப் பிறகு, வருமானம் குறைந்தவர் தனியார் இல்லத்தில் சேர்ந்தால் அதன் கட்டணத்தை சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து மத்திய சர்க்கார் கொடுக்கும் என்ற ஏற்பாடு பரவிற்று. வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். தனியார் இல்லத்தில் சேர்த்தால் சுலபம். தனியார் இல்லங்கள் பெருகியதில் ஆச்சரியமில்லை. இந்த விபரீதத்தை 1986ல் தணிக்கைக் கமிஷன் சுட்டிக்காட்டிற்று. 1988ல் கிரிஃபித்ஸ் அறிக்கை வந்தது. 1990ம் வருஷத்துச் சட்டம் 1993 ஏப்ரலில் முழுதும் அமுலாயிற்று. பொறுப்பும் பணமும் கவுன்ஸில்களுக்கே திரும்பின. ஆனால் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து இவ்வாறு மாற்றப்பட்ட தொகையில் 85 சதவிகிதத்தைத் தமது ஸ்தாபனங்களுக்கு வெளியே, தனியாரிடமும் தர்ம ஸ்தாபனங்களிடமுமே செலவிடவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. சொந்த இல்லத்தை நடத்துவதற்குப் பணம் சுருங்கிற்று. பிறர் இல்லத்தில் படுக்கை வாங்குவதற்குப் பணம் பெருகிற்று. 1979ல் முதியோர் இல்லப் படுக்கைகளில் 64 சதவிகிதம் கவுன்ஸில்களிடமும் தேசிய சுகாதார இலாகாவிடமும் இருந்தது. 2012ல் அது 6 சதவிகிதமாயிற்று. இன்றைய மூடுவிழாக்கள் இந்த நீண்ட கதையின் கடைசி அத்தியாயங்களே.

கவுன்ஸில்களின் கட்சியையும் நியாயமாக எடுத்துச் சொல்லவேண்டும். அக்கட்சி லேசானதன்று. அறைகள் சிறியவை, அறையோடு சேர்ந்த ஸ்நான அறை இல்லை, சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை, மின்சாரக் கம்பிகள் பழையவை. ஞாபக சக்தி முற்றும் அழிந்துபோகும் நோயுடன் வருகிறவர்களை வைத்துக் காப்பதற்காக அவை கட்டப்பட்டவையல்ல. கூடியவரை தம் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்றே முதியோரில் பெரும்பாலோர் விரும்புவதால் படுக்கைகள் காலியாகின்றன. பணமுடையோ சொல்லத் தரமன்று. 2010-11 முதல் 2017-18 வரை, விலைவாசியைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மத்திய சர்க்கார் அளித்துவந்த நிதி 49.1 சதவிகிதம் குறைந்துவிட்டதாக தேசியத் தணிக்கை அலுவலகமே 2018ல் கணக்கிட்டது. கடன் வாங்கித் தினசரிச் செலவை நடத்தக் கவுன்ஸில்களுக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வரவும் செலவும் ஒத்துவராவிட்டால் பொக்கிஷ அதிகாரி 1988ம் வருஷத்துச் சட்டத்தின் 114வது பிரிவின்படி அபாய அறிவிப்புக் கொடுக்கவேண்டும். 2018ல் நார்த்தாம்ப்டன்ஷயரும், 2023ல் பர்மிங்ஹாம் மாநகரமும் அந்த அவமானத்தை அடைந்தன. இந்நிலையில், ஓர் அங்கத்தினர் முதியோர் இல்லத்தை மூடக் கை தூக்கினால் அவரைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம்.

எனினும் இக்கட்சியில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, காலியான படுக்கைகள். மூடும் யோசனை வெளியானதும், சில இடங்களில் அதற்கு முன்னரே, புதியவர்களைச் சேர்ப்பது நின்றுவிடுகிறது. பழுதுகள் தள்ளிவைக்கப்படுகின்றன. ஊழியர்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். ஆள் குறையக் குறைய, மிஞ்சியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவு ஏறுகிறது. பிறகு அந்தச் செலவுக் கணக்கே மூடுவதற்கு அத்தாட்சியாகக் காட்டப்படுகிறது. தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு மரம் பட்டுப்போயிற்று என்று அறிக்கை எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது, 'தனியாரிடம் செலவு குறைவு' என்ற வாதம். குறைவு எங்கிருந்து வருகிறது? கவுன்ஸில் ஊழியருக்குக் கிடைக்கும் சம்பளமும் பென்ஷனும் தனியார் ஊழியருக்குக் கிடைப்பதில்லை என்பதிலிருந்து ஒரு பகுதி வருகிறது. கவுன்ஸில்கள் தனியாருக்குக் கொடுக்கும் கட்டணம் போதாமலிருப்பதால், சொந்தப் பணம் செலுத்தும் முதியோரிடம் அதிகம் வசூலித்து ஈடுகட்டுவதிலிருந்து இன்னொரு பகுதி வருகிறது. ஒரே இல்லத்தில், கவுன்ஸில் கொடுப்பதைவிட சராசரி 41 சதவிகிதம் அதிகமாகச் சொந்தப் பணக்காரர் கொடுக்கிறார் என்று போட்டி, சந்தை விவகார அதிகார ஸ்தாபனம் 2017ல் கண்டது. ஆகவே கவுன்ஸில் மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் பணம், ஊழியப் பெண்ணின் சம்பளத்திலிருந்தும் அடுத்த அறைக் கிழவரின் சேமிப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சுமை இறங்கிவிடவில்லை, வேறு தோளுக்கு மாறியிருக்கிறது.

மூன்றாவது ஓட்டை எல்லாவற்றிலும் பெரிது. சொந்த இல்லம் இல்லாத கவுன்ஸில், தனியார் விழுந்தால் எங்கே போகும்? 'ஸதர்ன் கிராஸ்' என்ற கம்பெனி ஏறக்குறைய 750 இல்லங்களையும் 31,000 முதியோரையும் தன் பொறுப்பில் வைத்திருந்தது. அது கட்டிடங்களை விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்து, அந்தப் பணத்தில் மேலும் மேலும் விஸ்தரித்தது. வாடகை வருஷந்தோறும் ஏறிற்று. கவுன்ஸில்களிடமிருந்து வந்த வருமானம் ஏறவில்லை. 2011ல் கம்பெனி முறிந்தது. 2019ல் 'ஃபோர் ஸீஸன்ஸ்' என்ற மற்றொரு பெரிய கம்பெனியும் கடன் பாரத்தால் நிர்வாகிகள் கைக்குப் போயிற்று. ஸதர்ன் கிராஸ் முறிந்தபின், தனியார் முறிந்தால் அங்குள்ளவர்களின் தேவையைத் தற்காலிகமாகக் கவனிக்கும் பொறுப்பு கவுன்ஸிலுடையது என்று 2014ம் வருஷத்துப் பராமரிப்புச் சட்டம் விதித்தது. விதி நல்லதுதான். ஆனால் அந்த ராத்திரி அவர்களைப் படுக்கவைக்கத் தனக்கென்று ஒரு கட்டில்கூட இல்லாத கவுன்ஸில், அந்த விதியை எதைக்கொண்டு நிறைவேற்றும்?

கோர்ட்டுகள் காப்பாற்றுமா? நாமும் சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களாதலால் இதைச் சற்று விவரமாகவே சொல்கிறோம். 1990ஐ அடுத்த வருஷங்களில் டெவன், துர்ஹாம் கவுண்டிகளின் வழக்குகளில், இல்லத்தை மூடுமுன் அங்கே வசிப்பவர்களைக் கேட்டே ஆகவேண்டும் என்று அப்பீல் கோர்ட்டு தீர்த்தது. துர்ஹாமில் அவர்களுக்குச் சில நாட்களே அவகாசம் தரப்பட்டிருந்ததால் அந்தக் கவுன்ஸிலின் முடிவு செல்லாதென்றாயிற்று. 1999ல் பமேலா காக்லன் வழக்கு வந்தது. எக்ஸெடர் நகரில் மார்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில், ஆயுள் பரியந்தம் இது உங்கள் வீடு என்று வாக்குக் கொடுத்து 1993ல் குடியேற்றியவர்களை, 1998ல் வெளியேற்ற சுகாதார அதிகார ஸ்தாபனம் முற்பட்டது. தக்க காரணமின்றி அவ்வாக்கை மீறுவது அதிகார துஷ்பிரயோகமாகும் என்று வுல்ஃப் பிரபுவும் சக நியாயாதிபதிகளும் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கு முதியோர் இல்லத்தைப் பற்றியதன்று. ஆயினும் அதன் தத்துவம் முதியோருக்கும் ஒரு கேடயமாயிற்று.

கேடயம் சிறியது என்பது விரைவில் தெரிந்தது. 2001ல் பிளிமத் நகரின் கிரான்பி வே இல்ல வழக்கில், இத்தகைய தகராறுகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவராமல் மத்தியஸ்தத்தில் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்று அதே வுல்ஃப் பிரபு கூறினார். 2007ல் பர்மிங்ஹாமில், கவுன்ஸில் ஏற்பாட்டின்பேரில் தனியார் இல்லத்தில் வசித்த 84 வயது மூதாட்டியின் வழக்கில், அந்தத் தனியார் கம்பெனியை மனித உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று பிரபுக்கள் சபை நியாயாதிபதிகள் மூவருக்கிருவராகத் தீர்த்தனர். பிங்ஹாம் பிரபுவும் ஹேல் சீமாட்டியும் மாறுபட்டார்கள். மறு வருஷமே பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி, கவுன்ஸில் ஏற்பாட்டில் வசிப்போருக்கு அவ்வுரிமையை அளிக்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கில் கண்ட கம்பெனி, நான்கு வருஷங்களுக்குப்பின் முறிந்த அதே ஸதர்ன் கிராஸ்தான். 2010ல், உல்வர்ஹாம்ப்டன் நகரில் நூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் இல்லத்தை மூடுவது தம் உயிருக்கே ஆபத்து என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரை சென்றார். கவுன்ஸில் தக்க முன்னேற்பாடுகள் செய்திருப்பதாகச் சொல்லி அவருடைய மனுவைக் கோர்ட்டு தள்ளிவிட்டது.

இவ்வழக்குகளின் சாரம் என்ன? கேட்கவேண்டும், அவசரப்படக்கூடாது, வாக்குக் கொடுத்திருந்தால் எண்ணிப் பார்க்கவேண்டும். இவ்வளவையும் செய்தபின் மூடலாம். முறை வழுவாதபடி கோர்ட்டு காக்கும்; வீட்டைக் காக்காது. சட்டத்தின் வாசகம் மாறியதும் இதற்கு ஒரு காரணம். 1948ம் வருஷத்துச் சட்டம் 'இருப்பிடம் அளிப்பது' கடமை என்றது. 2015 ஏப்ரலில் அதனிடத்தில் வந்த பராமரிப்புச் சட்டம் 'தேவையைப் பூர்த்தி செய்வது' கடமை என்கிறது. புதிய வாசகம் விசாலமானது. வீட்டிலேயே உதவி பெற விரும்புகிறவர்களுக்கு நன்மையானது. ஆனால் ஏற்கெனவே ஓர் இல்லத்தில் வேர் விட்டவருக்கு அது ஒரு நஷ்டம். எந்தப் படுக்கையில் கிடத்தினாலும் தேவை பூர்த்தியாகிவிட்டது என்று கவுன்ஸில் சொல்லலாம். எண்பத்தெட்டு வயதானவளுக்கோ, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரமும், தேநீருக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேளாமலே அறிந்த ஊழியப் பெண்ணும், சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்காரும் சிநேகிதியும்தான் தேவை. அவற்றை எந்தப் பாரத்தில் எழுதுவது?

இடம் மாற்றினால் முதியோர் இறந்துவிடுவார்கள் என்று கிளர்ச்சிக்காரர்கள் சொல்வதுண்டு. இதில் நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. 1963ல் அமெரிக்காவில் ஆல்ட்ரிச், மெண்ட்காஃப் என்ற இருவர், ஓர் இல்லம் மூடப்பட்டு அங்கிருந்தவர்கள் மாற்றப்பட்டபின் மரணம் அதிகரித்ததைக் காட்டினார்கள். பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே முடிவுக்கு வரவில்லை. பர்மிங்ஹாம் மாநகரம் தன் பழைய இல்லங்களை மூடிப் புதியவற்றுக்கு மாற்றியபோது, அந்நகர சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் கிளாஸ்பியும் சகாக்களும் ஆராய்ந்து 2011ல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. நிதானமாகவும், ஒவ்வொருவரையும் தனித்தனியே மதிப்பிட்டும், பழகிய ஊழியர்களின் துணையுடனும் மாற்றினால், ஒரு வருஷத்திற்குப்பின் பெரும்பாலோரின் நிலை கெடவில்லை. சிலருடைய நிலை சீர்ப்பட்டது. ஆகவே மாற்றம் என்பதே கொலையன்று. அவசர மாற்றமே அபாயம். மூடுவதற்குக் கவுன்ஸில்கள் தேடும் காரணம் பணம் மிச்சமாகவேண்டும் என்பது. நிதானமாக மூடுவதற்கு வேண்டியதும் பணமே. இந்த முரண்பாட்டை அங்கத்தினர்கள் தங்கள் மனத்திற்குள் தீர்த்துக்கொண்டு பின் கை தூக்கட்டும்.

இவ்விஷயம் நம்மவரையும் தொடுகிறது. உள்ளூரில் ஆள் கிடைக்காமல், 2022 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் பராமரிப்பு ஊழியர்களுக்கு வெளிநாட்டு விஸாவைத் திறந்தது. இந்தியாவிலிருந்தும் நைஜீரியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்தும் பல ஆயிரம் பேர், அவர்களில் பெண்கள் ஏராளம், கடன்பட்டுக் கடல் கடந்தார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் சேர்க்கும் வழி அடைக்கப்பட்டது. ஆங்கிலக் கிழவியின் கையைப் பிடித்து நடத்தும் கை இன்று பல இடங்களில் நமது நாட்டுப் பெண்ணின் கை. இல்லம் மூடினால் இருவரும் ஒருங்கே நிலை பெயர்கிறார்கள்.

மூலநோய் கவுன்ஸில் மண்டபத்தில் இல்லை, வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிறது. 1999ல் ராயல் கமிஷன் சரீரப் பராமரிப்பை இனாமாக அளிக்கச் சிபாரிசு செய்தது. ஸ்காட்லாந்து 2002ல் ஏற்றது, இங்கிலாந்து ஏற்கவில்லை. 2011ல் டில்நாட் கமிஷன், ஒருவர் ஆயுளில் செலுத்தவேண்டியதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டுமென்றது. 86,000 பவுன் என்று வரம்பு கட்டி, 2023க்கென்றும் பின் 2025க்கென்றும் தவணை சொல்லி, 2024 ஜூலையில் அதையும் கைவிட்டார்கள். 2025 ஜனவரியில் லூயிஸ் கேஸி சீமாட்டியின் தலைமையில் மற்றுமொரு கமிஷன் அறிவிக்கப்பட்டு, இறுதி அறிக்கைக்கு 2028 என்று காலம் குறிக்கப்பட்டது. இல்லங்களில் வசிப்போரில் எத்தனை பேருக்கு அத்தனை வருஷம் காத்திருக்க அவகாசம் இருக்கிறது?

ஆதலால் நமது அபிப்பிராயம் இது. பழைய கட்டிடங்கள் என்றென்றும் நிற்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூட விரும்பும் கவுன்ஸில் முதலில் சில காரியங்களைச் செய்யட்டும். முடிவை எழுதி வைத்துக்கொண்டு அபிப்பிராயம் கேட்கும் வழக்கத்தை விடட்டும். முழுக் கணக்கையும், ஆள் சேர்ப்பது என்று நிறுத்தப்பட்டது என்ற தேதியையும் சேர்த்து, பிரசுரிக்கட்டும். கட்டிடத்தையும் நிலத்தையும் விற்ற பணத்தை முதியோருக்கே ஒதுக்கட்டும். சிநேகிதர்களைப் பிரிக்காமல், பழகிய ஊழியரைத் துணைக்கனுப்பி மாற்றட்டும். தனியார் விழுந்தால் தாங்குவதற்கு ஒவ்வொரு கவுண்டியும் சில இல்லங்களையாவது தன் கையில் வைத்துக்கொள்ளட்டும். மத்திய சர்க்கார் அதற்கு வேண்டிய பொருளைக் கொடுக்கட்டும்.

ஒர்க்ஹவுஸ் வாசலைக் கண்டு நடுங்கிய தலைமுறைக்கு, இனி அந்தப் பயம் வேண்டாம் என்று 1948ல் ஒரு தேசம் வாக்குக் கொடுத்தது. அன்று பிறந்த குழந்தைகள் இன்று முதியோராகி அவ்வாக்கைக் கையில் ஏந்தி நிற்கிறார்கள். புதிய கதவு திறந்திருப்பதை அவர்கள் கண்ணால் காணும்வரை, பழைய கதவை மூட எந்தக் கவுன்ஸிலுக்கும் தர்மம் இடம் கொடுக்காது.